அட்டை கையில், சிகிச்சை எட்டாத தூரத்தில்: முன்னாள் படைவீரர் மனநலத்தில் என்ன சிக்கல்?

படைகளுக்கு நான்காண்டுக்கு மட்டும் ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டத்தில் 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குப் போன முதல் அணிக்கு, 2026 இறுதியிலிருந்து நான்காண்டுப் பணி முடிகிறது. அவர்களில் முக்கால்வாசிப் பேர் ஊர் திரும்ப வேண்டியவர்கள். அவர்களுடைய மருத்துவ வசதியைப் பற்றிய செய்திகளில் இசிஎச்எஸ், டெலி மானஸ், டிஸெபிலிட்டி பென்ஷன், மெடிக்கல் போர்டு என்று பல பெயர்கள் ஒரே மூச்சில் வந்து விழுகின்றன. "மிலிட்டரிக்காரருக்கு எல்லாமே இலவசமாச்சே, அப்புறம் என்ன குறை?" என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

காகிதத்தில் பார்த்தால் குறை அதிகமில்லை. பென்ஷனோடு வெளியே வந்த படைவீரருக்கு மனநோய்க்கும் சிகிச்சை உண்டு, மருந்து உண்டு, மருத்துவமனைச் சேர்க்கையும் உண்டு. ஆனால் அங்கே போய்ச் சேரும் வழி, காலில் கட்டுப் போட்டவரையும் நெஞ்சுவலிக்காரரையும் மனதில் வைத்துப் போட்ட வழி. நோயாளி தானே வந்து, தனக்கு இன்னது என்று சொல்லிக் கேட்க வேண்டும். மனநோய் முதலில் பறிப்பதே அந்த வந்து கேட்கும் தெம்பைத்தான். இந்தியாவை எடுத்துக்கொண்டு இதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

முதலில் சில அடிப்படைகள்

முன்னாள் படைவீரர் என்பது பேச்சுவழக்கில் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த எல்லோரையும் குறிக்கும். அரசு ஆணையில் அப்படியில்லை. எப்படி வெளியே வந்தார், பென்ஷனோடு வந்தாரா, எந்தக் காரணத்துக்காக அனுப்பப்பட்டார் என்பதையெல்லாம் வைத்துத்தான் அந்தத் தகுதி கிடைக்கும். ராணுவக் கேண்டீன் அட்டை, வேலைவாய்ப்பு ஒதுக்கீடு, மருத்துவம் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு வருபவை.

மருத்துவத்துக்கான ஏற்பாடு இசிஎச்எஸ் என்ற முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம். 2003 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. ஓய்வுபெறும்போது ஒருமுறை பணம் கட்ட வேண்டும்: ஹவில்தார் வரை 30,000 ரூபாய், நாயப் சுபேதாரிலிருந்து சுபேதார் மேஜர் வரை 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. அதற்குப் பிறகு அவருக்கும் மனைவிக்கும் சார்ந்திருப்போருக்கும் சிகிச்சை. நாடு முழுவதும் 400க்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகள் இருக்கின்றன. அங்கே முடியாததை ராணுவ மருத்துவமனைக்கோ, ஒப்பந்தத்தில் உள்ள தனியார் மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள்.

ஆண்டுக்குச் சுமார் 60,000 பேர் முப்படைகளிலிருந்தும் வெளியே வருகிறார்கள். பெரும்பாலோருக்கு வயது 35லிருந்து 45க்குள். மற்ற அரசு ஊழியர் ஓய்வுபெறும் வயதோடு ஒப்பிட்டால் இது பாதி வாழ்க்கை. பிள்ளைகள் பள்ளியில் படிப்பார்கள், வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே வந்தவுடன் இன்னொரு வேலை. அது பெரும்பாலும் வங்கியிலோ ஏடிஎம்மிலோ அடுக்குமாடிக் குடியிருப்பிலோ காவலாளி வேலை, பல இடங்களில் இரவு டியூட்டி. ஏற்கெனவே தூக்கம் கெட்டுப்போன மனிதரை இரவெல்லாம் விழித்திருக்கச் சொல்லும் வேலைதான் அவருக்கு எளிதில் கிடைக்கிறது என்பதை யாரும் மருத்துவப் பிரச்சினையாக எடுத்துக்கொள்வதில்லை.

என்ன நோய், எப்போது வெளிவரும்?

'பிடிஎஸ்டி' என்று செய்திகளில் வருவது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் 1980இல்தான் அது அந்தப் பெயரில் ஏறியது. நடந்து முடிந்தது திரும்பத் திரும்பக் கண்முன் வருவது, கெட்ட கனவு, அந்த நினைவைத் தூண்டும் இடத்தையும் பேச்சையும் தவிர்ப்பது, எப்போதும் உஷாராகவே இருப்பது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுவது, சொந்த மனிதர்களிடம்கூட ஒட்டாமல் போவது ஆகியவை அறிகுறிகள். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால்தான் அது நோய். போர் பார்த்த எல்லோருக்கும் வருவதில்லை. போரே பார்க்காதவருக்கும் வரலாம். பனிச்சரிவில் புதைந்த தோழனைத் தோண்டி எடுத்தவருக்கும், வெள்ளத்தில் பிணங்களை மீட்டவருக்கும் அது அதிர்ச்சிதான்.

ஆனால் முன்னாள் படைவீரரின் மனநலம் என்றாலே பிடிஎஸ்டி என்று நினைப்பது தவறு. மனச்சோர்வு, குடிக்கு அடிமையாதல், தூக்கமின்மை, தீராத உடல்வலியோடு வரும் மன உளைச்சல் ஆகியவை சேர்ந்தே வருகின்றன. குடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிகிச்சைக்கான அட்டை இருக்கும் அதே பர்ஸில் கேண்டீன் அட்டையும் இருக்கிறது. மாதாமாதம் குறைந்த விலையில் பாட்டில் வாங்குவதற்கான ஒதுக்கீடு அதில் உண்டு. பாட்டில் வாங்க டாக்டர் சீட்டு தேவையில்லை. மனநல மருத்துவரைப் பார்க்கத் தேவை.

எப்போது வெளிவரும் என்பதும் முக்கியம். பணியில் இருக்கும்வரை பரேடு, பட்டாலியன், கூட இருக்கும் ஆட்கள் என்று நாள் முழுவதும் ஒரு கட்டுக்குள் ஓடும். அது தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த பலது, அது போனதும் மேலே வருகிறது. 1987 முதல் 1990 வரை இலங்கையில் அமைதிப்படையாக இருந்தவர்களில் பலருக்கு இன்று அறுபது வயதைத் தாண்டிவிட்டது. 1999இல் கார்கிலில் இளைஞராக இருந்தவர்கள் ஐம்பதை எட்டிவிட்டார்கள். வேலை ஓய்ந்து, பிள்ளைகள் வெளியூர் போய், வீடு அமைதியான பிறகு பழைய நினைவுகள் கிளம்புவது மருத்துவர்கள் நன்கு அறிந்த ஒன்று. வீட்டில் அதை "வயசாச்சு, கோபம் ஜாஸ்தி" என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

சிகிச்சை இல்லாத நோயல்ல இது. அதிர்ச்சியை நேரடியாகக் கையாளும் பேச்சு சிகிச்சை முறைகள் இருக்கின்றன. வாரம் ஒரு முறை, முக்கால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை, சில மாதங்கள் நடக்கும். மனச்சோர்வுக்கான சில மருந்துகள் இதற்கும் பயன்படும். ஆகவே கேள்வி மருத்துவத்தைப் பற்றியதல்ல, ஆளும் சிகிச்சையும் சந்திப்பதைப் பற்றியது.

ஒளிக்கும் பழக்கம் எங்கே தொடங்குகிறது?

பணியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் 'ஷேப்' என்று ஒரு மருத்துவத் தரவரிசை உண்டு. மனநலம், காது, கை கால்கள், பொது உடல்நிலை, கண் என்று ஐந்து பிரிவு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை தரம். எல்லாவற்றிலும் 1 வாங்கியவர் 'ஷேப் ஒன்'. முதல் எழுத்தே மனநலத்துக்கானது. அதில் 2 அல்லது 3 என்று இறங்கினால் 'லோ மெடிக்கல் கேட்டகரி'. பதவி உயர்வு, சில பயிற்சி வகுப்புகள், பணி நீட்டிப்பு, வெளிநாட்டு அமைதிப்படை வாய்ப்பு எல்லாம் அதைப் பொறுத்தவை. மனநல வார்டுக்கு அனுப்பும்போது யூனிட்டின் கமாண்டிங் ஆபீசர் அந்த ஆளின் நடத்தை, வேலை பற்றித் தனி அறிக்கை ஒன்றும் எழுதித் தர வேண்டும். அதாவது மேலதிகாரிக்குத் தெரியாமல் மனநலச் சிகிச்சை என்று ஒன்று இல்லை.

ராணுவம் இப்படிச் செய்வதற்கு நியாயம் இருக்கிறது. கையில் துப்பாக்கியோடு நிற்பவரின் மனநிலையை மேலதிகாரி அறியாமல் இருக்க முடியாது. ஆனால் விளைவையும் பார்க்க வேண்டும். தூக்கம் வரவில்லை என்று டாக்டரிடம் சொன்ன நாயக் ஒருவரின் ஹவில்தார் பதவி உயர்வு நின்றுபோனதைப் பார்த்த அவருடைய பிளட்டூன் முழுவதும் அடுத்து வாயைத் திறக்காது. பதினைந்து இருபது வருடம் இப்படி வாயை மூடிப் பழகியவர், ஓய்வுபெற்ற அடுத்த மாதம் பாலிகிளினிக்கில் போய் மனதைத் திறந்து பேசுவார் என்று எதிர்பார்க்கிறோம்.

பணியில் இருப்பவர்கள் நிலை என்ன என்பதற்கு ஒரு எண் இருக்கிறது. 2022 ஜூலையில் பாதுகாப்புத் துறை இணையமைச்சர் மாநிலங்களவையில் கொடுத்த தகவலின்படி, அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் முப்படைகளிலும் 819 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். ராணுவத்தில் 642, விமானப்படையில் 148, கடற்படையில் 29.

பாலிகிளினிக் வழியாக நடந்து பார்த்தால்

வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு படைவீரர் உள்ள ஊர்கள் உண்டு. அப்படி ஓர் ஊரில் நாற்பத்தைந்து வயது ஹவில்தார் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தீவிரவாத எதிர்ப்புக்கான ராணுவப் பிரிவான ராஷ்ட்ரிய ரைபிள்ஸில் இரண்டு தடவை காஷ்மீரில் இருந்தவர். இப்போது தூக்கமில்லை, மனைவியோடு பேச்சில்லை, மாலையானால் குடி. மனைவிக்குப் பயம். என்ன நடக்க வேண்டும்?

1. முதலில் அவர் பாலிகிளினிக்குக்கு வர வேண்டும். பஸ் பிடித்துக் காலையிலேயே வந்து டோக்கன் வாங்க வேண்டும். அங்கே வரிசையில் இருப்பவர்கள் பாதிப் பேர் தெரிந்தவர்கள். அதே ரெஜிமென்ட், அதே ஊர், சில சமயம் பழைய சுபேதார். "என்ன, உனக்கு என்ன?" என்று கேட்பார்கள். சுகர், பிபி என்று சொல்லிவிடலாம். வேறென்ன சொல்வது?

2. அடுத்து மருத்துவ அலுவலரைப் பார்க்க வேண்டும். பாலிகிளினிக்குகளுக்கு ஆள் எடுக்கும் அறிவிப்புகளைப் பார்த்தால் பொது மருத்துவர், மருத்துவ நிபுணர், மகப்பேறு மருத்துவர், கதிரியக்க நிபுணர், பல் மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், மருந்தாளுநர் என்று நீளும். மனநல மருத்துவரோ ஆலோசகரோ வழக்கமாக அந்தப் பட்டியலில் இருப்பதில்லை. பொது மருத்துவருக்கு ஒரு காலையில் பார்க்க வேண்டிய கூட்டம் வாசல்வரை நிற்கும். பாதிப் பேர் மாத மாத்திரைக்காக வந்தவர்கள். அந்தச் சில நிமிடத்தில் ஹவில்தார் தூக்க மாத்திரை கேட்பார், டாக்டர் எழுதிக் கொடுப்பார், விஷயம் அங்கேயே முடிந்துவிடும். பெரும்பாலானவை தொலைந்துபோவது இந்தப் படியில்தான் என்பது என் கணிப்பு.

3. டாக்டர் கவனித்துவிட்டார் என்றே வைப்போம். ரெஃபரல் போட வேண்டும். அருகில் ராணுவ மருத்துவமனை இருந்து அதில் மனநலப் பிரிவும் இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் ஒப்பந்த மருத்துவமனைக்கு. ஒப்பந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் கண், பல், இதயம், எலும்பு, சிறுநீரகம் என்று நிறைந்திருக்கும். பெருநகரம் தாண்டினால் மனநல மருத்துவமனை தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

4. கட்டணம். இந்தத் திட்டம் மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டமான சிஜிஎச்எஸ்ஸின் கட்டணப் பட்டியலைப் பின்பற்றுகிறது. புறநோயாளி ஆலோசனைக் கட்டணம் 2023 ஏப்ரலில்தான் 150 ரூபாயிலிருந்து 350 ஆனது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டிய சிகிச்சைக்கும் ஐந்து நிமிடத்தில் முடியும் ஆலோசனைக்கும் இந்தக் கணக்கில் பெரிய வேறுபாடு இல்லை என்றால், எந்தத் தனியார் மருத்துவமனை பேச்சு சிகிச்சையைத் தரும்? மாத்திரையும் ஊசியும் கிடைக்கும். அதோடு, இசிஎச்எஸ் பாக்கி நிற்கிறது என்று மருத்துவமனைகள் நோயாளிகளைத் தட்டிக்கழிக்கும் புகாரும் ஆண்டுக்கு ஆண்டு வந்துகொண்டிருக்கிறது.

5. மருந்து. எழுதிய மருந்தை மறுபடி பாலிகிளினிக் மருந்தகத்தில் வாங்க வேண்டும். இருப்பில் இல்லாவிட்டால் 'என்.ஏ.' என்று சீட்டில் குறித்து, உள்ளூரில் வாங்கித் தருவதற்கோ பணத்தைத் திரும்பப் பெறுவதற்கோ தனி நடைமுறை. வைட்டமின் மாத்திரை பத்து நாள் தாமதமானால் ஒன்றும் ஆகாது. மனநோய் மருந்து பத்து நாள் நின்றால் நோய் திரும்பிவிடும்.

இந்த ஐந்து படியும் கால் உடைந்தவருக்கும் உண்டுதான். அவரைத் தூக்கிக்கொண்டு ஓட வீட்டில் எல்லோரும் இருப்பார்கள். 'எனக்கு ஒன்றுமில்லை' என்று சொல்லும் ஆளை எந்தப் படிக்கும் கூட்டிப்போக முடியாது. நாட்டின் பொது நிலையும் இதற்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, சிகிச்சை தேவைப்பட்டும் பெறாதவர்களின் விகிதம் நோயைப் பொறுத்து 70லிருந்து 92 சதவீதம்வரை இருந்தது.

பென்ஷன் வழக்கு சிகிச்சையை எப்படிக் கெடுக்கிறது?

பலருக்கும் குழப்பம் தருவது டிஸெபிலிட்டி பென்ஷன். பணியால் ஏற்பட்ட, அல்லது பணியால் மோசமான நோயோ காயமோ 20 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பைத் தந்தால் கூடுதல் ஓய்வூதியம் உண்டு. பணியோடு அதற்குத் தொடர்பு உண்டா இல்லையா என்று சொல்வது மெடிக்கல் போர்டு எனப்படும் படை மருத்துவர் குழு. கால் போனால் தொடர்பைக் கண்ணால் பார்க்கலாம். மனச்சிதைவு நோய்க்கு? "பிறவிக்கூறு, பணியோடு தொடர்பில்லை" என்று ஒரே வரியில் எழுதி முடித்த போர்டுகள் ஏராளம். போர்முனையிலும் உயர்மலையிலும் வந்தால் தொடர்பை ஏற்பதும், 'பீஸ் ஸ்டேஷன்' எனப்படும் அமைதிப் பகுதியில் வந்தால் மறுப்பதும் வழக்கம். உயர்மலையில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, பீஸ் ஸ்டேஷனுக்கு வந்து ஆறாவது மாதம் நோய் வெளிப்பட்டால் அவர் எந்தக் கணக்கில் வருவார்?

உச்ச நீதிமன்றமும் இதில் ஒரே நேர்கோட்டில் போகவில்லை.

1. 2013இல் தரம்வீர் சிங் வழக்கு. சேரும்போது பதிவேட்டில் நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் அவர் நலமாகத்தான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும், தொடர்பில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது என்றது நீதிமன்றம். அவருக்கு இருந்தது வலிப்பு நோய்.

2. 2019இல் மனச்சிதைவு நோயாளியான ஒரு ராணுவ வீரரின் வழக்கு. மன நோயைச் சேர்க்கையின்போது கண்டுபிடிக்க முடியாது, ஆகவே பிறகு வெளிப்பட்டதை வைத்து மட்டும் தானாகப் பென்ஷன் வராது, மருத்துவக் குழுவின் கருத்துக்கு மதிப்புத் தர வேண்டும் என்றது.

3. 2025 மே மாதம் இன்னொரு மனச்சிதைவு வழக்கு. காரணம் எழுதாத மெடிக்கல் போர்டு அறிக்கையை வைத்துப் பென்ஷனை மறுக்க முடியாது என்று சொல்லி, வீரருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது.

மூன்றையும் சேர்த்துப் படித்தால் இப்போதைய நிலை இதுதான்: போர்டு காரணத்தோடு மறுத்தால் நிற்கும், காரணமில்லாமல் மறுத்தால் நிற்காது.

சரி, இதற்கும் சிகிச்சைக்கும் என்ன சம்பந்தம்? பணியில் இருக்கும்போது நோயைப் பதிவில் ஏற்றினால் 'ஷேப்' தரம் இறங்கும். ஏற்றாமல் விட்டால், பிறகு தொடர்பை நிரூபிக்க ஆதாரம் இருக்காது. எந்தப் பக்கம் போனாலும் இழப்பு. அதோடு, பென்ஷனுக்காக நோய் வேஷம் என்ற சந்தேகம் அதிகாரிகள் பக்கம் இருக்கிறது. இந்தச் சந்தேகத்துக்கு நடுவே சிகிச்சைக்கு வருபவர் டாக்டரிடம் பேசுகிறாரா, எதிர்கால வழக்கின் சாட்சியிடம் பேசுகிறாரா என்பது அவருக்கே தெரியாது.

அட்டையே இல்லாதவர்கள்

இதுவரை சொன்னது அட்டை உள்ளவர்கள் கதை. அட்டைக்கு வெளியே இரண்டு கூட்டம் இருக்கிறது.

முதல் கூட்டம் ஒழுங்கு நடவடிக்கையில் அனுப்பப்பட்டவர்கள். தண்டனைகள் சர்வீஸ் பதிவேட்டில் சிவப்பு மையில் ஏறும். நான்கு 'ரெட் இங்க் என்ட்ரி' சேர்ந்தால் வீட்டுக்கு அனுப்புவது நடைமுறையாக இருந்தது. எண்ணிக்கை மட்டும் போதாது, விசாரித்து ஆளின் சேவையையும் சூழ்நிலையையும் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும் என்று 2015இல் வீரேந்திர குமார் துபே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சிவப்பு மை எதற்கு விழும்? குடித்துவிட்டு வந்தது, விடுமுறை முடிந்தும் திரும்பாதது, மேலதிகாரியிடம் எகிறியது. இதே மூன்றும் மனநல மருத்துவரிடம் போனால் அறிகுறிகள் என்று எழுதப்படும். யாரிடம் முதலில் போகிறது என்பதைப் பொறுத்து ஒருவர் நோயாளி ஆகிறார், இன்னொருவர் குற்றவாளி ஆகிறார். பென்ஷனுக்கான காலம் முடியும் முன் அப்படி அனுப்பப்பட்டவருக்குப் பென்ஷனும் இல்லை, இசிஎச்எஸ்ஸும் இல்லை. சிகிச்சை மிக அவசரமாகத் தேவைப்படும் ஆள் இவராகத்தான் இருப்பார்.

இரண்டாவது கூட்டம் அக்னிபத்தில் சேர்ந்த அக்னிவீரர்கள். 2022 ஜூன் 14 அன்று அறிவித்த திட்டப்படி நான்காண்டு முடிந்ததும் 25 சதவீதம் வரைதான் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். மற்றவர்களுக்குச் சேவா நிதியாகச் சுமார் 11.71 லட்சம் ரூபாய். பென்ஷன் கிடையாது, முன்னாள் படைவீரர் தகுதி கிடையாது, இசிஎச்எஸ் கிடையாது. பணியோடு தொடர்புள்ள ஊனத்துக்கு ஒருமுறை உதவித்தொகை உண்டு. அதற்கும் அதே மெடிக்கல் போர்டு, அதே தொடர்புக் கேள்வி. பிடிஎஸ்டி வருடம் கழித்தும் தலைகாட்டும் என்று மேலே பார்த்தோம். இருபத்திரண்டு வயதில் வெளியே வரும் இளைஞருக்கு இருபத்தைந்தில் அது வந்தால், ராணுவ மருத்துவ அமைப்பில் அவர் யாருமில்லை. இது திட்டத்தின் ஆகப் பெரிய ஓட்டை என்பது என் கருத்து. காசும் பெரிதாக ஆகாது: முழு இசிஎச்எஸ் தர முடியாவிட்டாலும் மனநலத்துக்கு மட்டும் கதவைத் திறந்து வைக்கலாம்.

எண்ணாததைத் திருத்த முடியாது

பணியில் இருப்பவர்களின் தற்கொலை எண்ணிக்கை நாடாளுமன்றத்தில் வருகிறது. வெளியே வந்தவர்களுக்கு அப்படி ஒரு கணக்கு வருவதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் தற்கொலை அறிக்கையில் தொழில்வாரிப் பட்டியல் இருக்கிறது. அதில் 'ஓய்வுபெற்றவர்' என்று பொதுவாக ஒரு வரிசைதான். தாசில்தாராக இருந்து ஓய்வுபெற்றவரும் சியாச்சினில் இருந்து வந்தவரும் அதற்குள் ஒன்று. நாற்பது வயதில் காவலாளியாக இருந்து இறந்தவர் அந்த வரிசையில்கூட வரமாட்டார், தனியார் ஊழியர் கணக்கில் போய்விடுவார்.

அமெரிக்கா பட்டுத் தெரிந்துகொண்டது

அமெரிக்காவை முன்மாதிரி என்று சொல்வதற்கில்லை. அங்கும் முன்னாள் படைவீரர் தற்கொலை பெரிய பிரச்சினையாகவே இருக்கிறது. 2014இல் ஃபீனிக்ஸ் நகரில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனையில் காத்திருப்போர் பட்டியலைத் திரித்தது அம்பலமாகி நாடே கொதித்தது. ஆனால் கதவுகளைத் திறப்பதில் அவர்கள் செய்த சில வேலைகள் கவனிக்கத்தக்கவை.

1. வெட் சென்டர்கள். வியட்நாம் போர் முடிந்து வந்தவர்கள் அரசு மருத்துவமனைப் பக்கம் தலைவைக்காததால் 1979இல் தொடங்கியவை. கடைத்தெருவில் சாதாரணக் கட்டடம், உள்ளே ஆலோசகர்கள், அவர்களில் பலர் தாங்களே படையில் இருந்தவர்கள். இப்போது சுமார் 300 இருக்கின்றன. முக்கியமானது: அங்கே பேசும் விவரம் மருத்துவமனைப் பதிவேட்டோடு சேராது, ஆளின் சம்மதமில்லாமல் வெளியே போகாது.

2. தூரத்துக்கும் நாளுக்கும் வரம்பு. 2018இல் நிறைவேறிய சட்டத்தின் கீழ், மனநலச் சிகிச்சைக்கு சராசரியாக அரை மணிக்கு மேல் வண்டியில் போக வேண்டியிருந்தாலோ 20 நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தாலோ அரசு செலவில் தனியாரிடம் போகலாம்.

3. நெருக்கடி நேரத்தில் அட்டை கேட்பதில்லை. 2023 ஜனவரி 17 முதல், தற்கொலை நெருக்கடியில் இருக்கும் முன்னாள் படைவீரர் எந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கும் போகலாம். அரசு மருத்துவத் திட்டத்தில் பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. உள்நோயாளியாக 30 நாள், வெளிநோயாளியாக 90 நாள் வரை செலவை அரசு ஏற்கும்.

4. ஒழுங்கு நடவடிக்கையில் வெளியேற்றப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கும் 2017, 2018இல் மனநலச் சிகிச்சை திறக்கப்பட்டது.

இங்கிலாந்திலும் 2021 முதல் 'ஆப் கரேஜ்' என்று தனிச் சேவை இருக்கிறது. படைவீரரோ குடும்பத்தாரோ நேரடியாகத் தொடர்பு கொள்ளலாம்.

இங்கே எதைத் திருத்தலாம்?

டெலி மானஸ் நல்ல தொடக்கம். 2022 அக்டோபர் 10 அன்று தேசிய அளவில் தொடங்கிய தொலைபேசி மனநலச் சேவை இது. எண் 14416. 2023 டிசம்பர் 1 அன்று புனேயில் உள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் படைவீரர்களுக்கும் குடும்பத்தாருக்கும் தனிப் பிரிவு திறந்தார்கள். ஆனால் போன் பேசி முடித்த பிறகு ஆள் எங்கே போவது? அழைப்பை எடுத்த ஆலோசகரே ரெஃபரல் போட முடிந்தால்தான் அந்த எண் ஒரு வாசல். இல்லாவிட்டால் "பாலிகிளினிக்குக்குப் போங்கள்" என்ற பதிலோடு மேலே சொன்ன முதல் படிக்கே வந்து நிற்பார்.

அதைவிட எளிதாகச் செய்யக்கூடியது, மனநலத்துக்கு ரெஃபரலையே எடுத்துவிடுவது. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ பதிவு பெற்ற எந்த மனநல மருத்துவருக்கோ நேரே போகலாம், செலவை இசிஎச்எஸ் தரும் என்று ஆக்கலாம். ஆட்கள் கூட்டமாக வந்து குவிந்துவிடுவார்கள் என்ற பயம் வேண்டாம். மனநல மருத்துவரிடம் போவதற்கு யாரும் அவசியமில்லாமல் முண்டியடிப்பதில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவே, மாவட்டத்தில் அரசின் குறைந்தபட்ச மனநலச் சேவை இல்லையென்றால் அந்த மாவட்டத்தில் வேறு இடத்தில் பெறும் சிகிச்சைச் செலவை அரசு ஏற்க வேண்டும் என்கிறது.

இன்னொன்று, ஆள் தானாக வரும் இடத்தில் போய் உட்கார்வது. பென்ஷன்காரர் ஆண்டுக்கு ஒருமுறை உயிர்ச்சான்று தந்தாக வேண்டும். போனிலேயே கொடுக்கத் தெரியாத பெரும்பாலோர் இ-சேவை மையத்துக்கோ வங்கிக்கோ முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கோ நேரில் வருகிறார்கள். கேண்டீனுக்கோ மாதாமாதம். அங்கே தூக்கம் எப்படி, குடி எவ்வளவு, மனசு எப்படி என்று நாலைந்து கேள்வி கேட்க ஒரு ஓய்வுபெற்ற ஜேசிஓவை (சுபேதார் போன்ற இடைநிலை அதிகாரி) பயிற்சி கொடுத்து உட்கார வைக்கலாம். டாக்டர் கேட்டால் சொல்லாததை முன்னாள் சுபேதார் சாப் கேட்டால் சொல்வார்கள். பிள்ளைகளின் படிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வரும் மனைவிமாரிடமும் கேட்க வேண்டும். வீட்டில் நடப்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

பணியில் இருப்போருக்கு, பதிவேட்டில் ஏறாத முதல் சில ஆலோசனை அமர்வுகளை அனுமதிப்பது இதைவிடக் கடினம். ராணுவம் லேசில் ஒப்பாது. ஆயுதத்தால் ஆபத்து என்று ஆலோசகர் கருதினால் மட்டும் மேலே தெரிவிப்பது என்று ஒரு எல்லை வகுத்துத் தொடங்கலாம்.

இப்போதைக்குக் குடும்பங்கள் செய்யக்கூடியவை

1. 14416க்கு ஆள்தான் அழைக்க வேண்டும் என்றில்லை, மனைவியோ மகனோ அழைக்கலாம். தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்ற பெயரில் நடப்பதும் இதே எண்தான்.

2. உயிருக்கு ஆபத்து என்றால் ரெஃபரலுக்குக் காத்திருக்க வேண்டாம். தீவிரமாக வெளிப்படும் மனநோயும் இசிஎச்எஸ்ஸின் அவசரநிலைப் பட்டியலில் இருக்கிறது. ஒப்பந்த மருத்துவமனையில் நேரடியாகச் சேர்க்கலாம். ஒப்பந்தம் இல்லாத இடத்தில் சேர்த்தால் இரண்டு நாளுக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் தர வேண்டும், ரசீதுகளை வைத்துப் பிறகு பணம் கோரலாம். தற்கொலைக்கு முயன்றவர் மீது போலீஸ் வழக்கு வருமோ என்று மறைக்கவும் வேண்டாம். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆவது பிரிவும் இல்லை.

3. வெளியே வரும்போது நடக்கும் ரிலீஸ் மெடிக்கல் போர்டின் நகலைக் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். தூக்கம், தலைவலி, கெட்ட கனவு எதுவானாலும் அப்போதே எழுத வைப்பது நல்லது. அந்த நேரத்தில் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் "ஒன்றுமில்லை" என்று கையெழுத்துப் போட்டவர்கள்தான் பின்னால் ஆதாரம் தேடி அலைகிறார்கள்.

4. டிஸெபிலிட்டி பென்ஷன் மறுக்கப்பட்டால் முதலில் துறைக்குள் மேல்முறையீடு, அப்புறம் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். அதன் கிளை சென்னையிலும் இருக்கிறது. மறுப்புக் கடிதத்தில் காரணம் எழுதியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 2025 தீர்ப்புக்குப் பிறகு வழக்கின் கனமே அதில்தான். பல வருடம் கழித்துப் போனாலும் வழக்கை ஏற்கிறார்கள். ஆனால் 2008இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி, பழைய பாக்கி பொதுவாக மனுப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுக்கு மட்டும்தான் கிடைக்கும்.